பனடோல் கேட்காது, அந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுங்க

"தம்பி, பனடோல் வேணாம், அது கேட்காது. அந்த மஞ்சள் மாத்திரையில நாலு கொடுங்க."

மலையகத்தில் ஹட்டன் பக்கம் மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இந்த வசனம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழும் என்று கணக்கே இல்லை. கேட்பது பெரும்பாலும் தேயிலைக் கொழுந்தெடுக்கிற அக்காமார். கூடையோ சாக்கோ, நாள் முழுக்கச் சுமந்து கழுத்திலிருந்து இடுப்பு வரை பிடித்துக்கொண்டிருக்கும். வலி என்று வீட்டில் நின்றால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், இல்லை, மலைக்குப் போய்க் கிலோ குறைந்தால் அரைப்பேர். அதனால் விடியற்காலை பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போக முன்னம் வெறும் வயிற்றில் ஒரு சாயத் தேத்தண்ணி, கூடவே ஒரு மாத்திரை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதும் இல்லை.

பர்சைத் திறந்து ஒரு வெள்ளித்தாள் துண்டைக் காட்டுவார்கள். கத்தரிக்கோலால் ஒற்றை மாத்திரையாக வெட்டியது. பெயர் ஒரு துண்டோடு போயிருக்கும், காலாவதித் திகதி இன்னொரு துண்டோடு. பார்த்துப் பார்த்துப் பழகியதால் அது டைக்ளோபினாக் 50 மில்லிகிராம் என்று ஊகிப்பேன். ஆனால் மருந்தில் ஊகம் சரிவருமா?

டைக்ளோபினாக், புரூபன் என்று நாம் சொல்கிற இபுபுரூபன், மாதவிடாய் வலிக்குக் கொடுக்கிற மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் புரொஸ்டகிளான்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அதுதான், காய்ச்சல் ஏறுவதும் அதனால்தான். இந்த மாத்திரைகள் அது சுரப்பதைத் தடுக்கின்றன என்று 1971இல் காட்டியவர் ஜோன் வேன் என்ற விஞ்ஞானி, அதற்காக 1982இல் நோபல் பரிசும் கிடைத்தது. சிக்கல் எங்கே என்றால், அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் சீராகப் போகவும் உதவுகிறது. இடுப்பு வலிக்கு மட்டும் நிறுத்து, இரைப்பையை விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல வழியில்லை. பனடோல், அதாவது பரசிட்டமோல், வேறு ரகம். வீக்கத்துக்கு அவ்வளவாகக் கேட்காது, ஆனால் வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கும், வயிற்றையும் இப்படி அரிக்காது.

ஒருமுறை ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா கெஸ்ட்ரைட்டிஸ் மருந்து கேட்டு வந்தார். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது. கேட்டுப் பார்த்தால் இரண்டு மாதமாகத் தினமும் மஞ்சள் மாத்திரை. மலம் எப்படிப் போகிறது என்றேன், கூச்சத்தோடு "கறுப்பாத்தான் போகுது, அது கிளினிக்ல குடுத்த இரும்பு மாத்திரைக்கு" என்றார். இங்கேதான் ஆள் ஏமாந்துபோகிற இடம். இரும்பு மாத்திரைக்கு மலம் கறுப்பது உண்மை. ஆனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் போகிற மலம் தார் மாதிரி, பளபளப்பாக, ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் தனி. அவருக்கு அப்படித்தான் இருந்தது. கெஸ்ட்ரைட்டிஸ் மருந்தைக் கொடுக்காமல் மகனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரைப்பையில் புண், இரத்தம் ஏற்றித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

"அப்போ பின்பக்கம் வைக்கிற மாத்திரை கொடுங்க, இல்லாட்டி ஊசி போட்டுக்கிறோம், அது வயித்துக்குப் போகாதே" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வழியாகப் போனாலும் மருந்து இரத்தத்தில் கலந்து அதே புரொஸ்டகிளான்டினைத்தான் தடுக்கிறது, இரைப்பைக்கு அதனால் விடுதலை இல்லை. மேலே பூசுகிற ஜெல்லில்தான் இரத்தத்துக்குப் போகிற அளவு குறைவு.

பிரஷர் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்களிடம் நான் கொஞ்சம் பிடிவாதம்தான். லொசார்டனோ எனலப்ரிலோ குடிக்கிறவர், கூடவே சலம் போகிற மாத்திரையும் இருக்கிறது, அதற்கு மேல் டைக்ளோபினாக்கும் சேர்ந்தால் மூன்றும் மூன்று பக்கத்தால் சிறுநீரகத்தை அமுக்கும். அந்த நேரம் பார்த்து வயிற்றோட்டமும் வந்தால் கேட்கவே வேண்டாம். இளைப்பு (ஆஸ்துமா) வருத்தக்காரர், கர்ப்பிணிகள், இருதய வருத்தம் உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் இந்தக் குடும்பத்தைத் தொடக்கூடாது. அதற்காக, இருதயத்துக்கென்று டொக்டர் எழுதிய சின்ன அஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

காய்ச்சல் விஷயம் வேறு. குளிர் நாட்டில் டெங்கு ஏது என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற பையன் தீபாவளிக்கு ஊருக்கு வருவான், நுளம்பு அங்கேயே கடித்திருக்கும், காய்ச்சல் தோட்டத்து லயத்துக் காம்பராவில் வந்து ஏறும். கடித்து 4 முதல் 10 நாள் வரை கழித்துத்தானே அது தலை காட்டுகிறது. 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளர்கள். டெங்குவில், இரத்தம் உறைய உதவுகிற இரத்தத் தட்டுக்கள் குறைந்திருக்கிற நேரம் புரூபனோ டைக்ளோபினாக்கோ கொடுத்தால் இரத்தக்கசிவுக்கு நாமே வழி திறந்துவிட்ட மாதிரி. ஆகவே என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பரசிட்டமோல் மட்டும். மூன்றாம் நாளும் விடவில்லையா, இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுவது என்று வந்தால் "காய்ச்சல் விட்டிருச்சு" என்று சந்தோஷப்படாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

சரி, பனடோல் கேட்காது என்றார்களே. கேட்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம், காலையில் ஒன்று போட்டுவிட்டு இரவில்தான் அடுத்தது போடுவது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்காகப் போட்டு, இரவில் சுடுதண்ணி ஒத்தடமும் கொடுத்துப் பார்த்தவர்கள் பலர் திரும்ப மஞ்சள் கேட்டு வரவில்லை. அளவு மட்டும் கவனம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால், 50 கிலோவுக்கு மேலுள்ள பெரியவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஆனால் எங்கள் அக்காமாரில் எத்தனை பேர் 50 கிலோ? 40 கிலோ என்றால் ஒரு தடவைக்கு ஒன்று, நாளைக்கு நான்கு, அவ்வளவுதான். கூடினால் ஈரல் தாங்காது. தடிமலுக்கு வாங்குகிற மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தினம் சாராயம் குடிக்கிறவர்களுக்கு, ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு.

மஞ்சள் மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சில வலிக்கு அதுதான் மருந்து. சாப்பிட்ட பிறகு, சில நாளைக்கு, டொக்டர் துண்டோடு.

இப்போது கடையில் தராசு ஒன்று வைத்திருக்கிறோம். ஏறச் சொன்னால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், இடுப்பில் கட்டியிருக்கிற படங்கைக் கழற்றிவிட்டு ஏறட்டுமா என்று கேட்பார்கள். மாத்திரை அட்டையை வெட்டித்தான் கொடுக்கவேண்டி வந்தால் சின்னக் கவரில் போட்டு, மருந்தின் பெயர், அளவு, திகதி மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு அக்கா அந்தக் கவரைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து, "இதே பேருதான் எழுதியிருக்கான்னு பாருங்க தம்பி" என்று நீட்டினார்.