இழப்பீடு அல்ல, ஈடு

"இலவச முகவர்களை இழந்த அணிகளுக்கு இழப்பீட்டு வரைவுத் தேர்வு." அமெரிக்க விளையாட்டுச் செய்திகளின் தமிழாக்கங்களில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் அவை ஃப்ரீ ஏஜென்ட், காம்பன்சேஷன் டிராஃப்ட் பிக். விளையாட்டு தெரியாதவர் தமிழில் படித்தால், ஏதோ காப்பீட்டு நிறுவனத்தில் ஆளெடுக்கப் பரீட்சை வைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

இலவச முகவரை முதலில் அனுப்பிவிடுவோம். ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் பேரம் பேசிச் சேரும் உரிமை பெற்றவர்தான் ஃப்ரீ ஏஜென்ட். இங்கே ஏஜென்ட் என்பது தன் விருப்பப்படி செயல்படுபவர், தரகர் அல்ல. ஃப்ரீ என்பது கட்டின்மை, காசின்மை அல்ல. மென்பொருள்காரர்கள் இதே சிக்கலைக் "கட்டற்ற மென்பொருள்" என்று எப்போதோ தீர்த்துவிட்டார்கள். நாமும் "கட்டற்ற ஆட்டக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பேஸ்பாலில் இது பொருத்தமும்கூட. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைக் கிளப்பே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டு அங்கே உண்மையாகவே இருந்தது. 1975 டிசம்பரில் தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் தந்த தீர்ப்புதான் அதை அறுத்தது.

டிராஃப்ட்டின் வேர்ப்பொருள் இழுத்தல். கோடு இழுப்பதிலிருந்து ஆவண வரைவு வந்தது. படைக்கு ஆள் இழுப்பதிலிருந்து விளையாட்டு டிராஃப்ட் வந்தது. அகராதியின் முதல் பொருளை எடுத்து "வரைவு" என்று ஒட்டினால் எப்படி? சிலர் ஐபிஎல் நினைப்பில் "ஏலம்" என்கிறார்கள். ஏலத்தில் பணம் பேசும். இங்கே அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கின்றன. பிக் என்பது அப்படி எடுக்கும் வாய்ப்பு. "தேர்வு" என்றதும் நமக்கு ஹால் டிக்கெட் நினைவு வருவதால், இலங்கையில் இயல்பாகப் புழங்கும் "தெரிவு" நல்லது.

என் வழக்கு "இழப்பீடு" மேல்தான். விபத்துக்கு இழப்பீடு, நிலம் எடுத்ததற்கு இழப்பீடு. ஒருவர் உடைமை போனது, இன்னொருவர் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற தொனி அந்தச் சொல்லில் ஊறியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து கிளம்பிய ஆட்டக்காரர் யாருடைய உடைமை? 1981-ல் பேஸ்பால் வேலைநிறுத்தமே இந்தக் கேள்வியில்தான் வெடித்தது. கட்டற்ற ஆட்டக்காரரைச் சேர்க்கும் அணி, அவரை இழக்கும் அணிக்கு ஒரு ஆட்டக்காரரைத் தர வேண்டும் என்றார்கள் முதலாளிகள். அப்படியானால் அது பண்டமாற்றுதானே, விடுதலை எங்கே என்றது ஆட்டக்காரர் சங்கம். 713 ஆட்டங்கள் ரத்தாயின. "இழப்பீடு" என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், தெரியாமலே முதலாளிகள் பக்கம் உட்கார்ந்துவிடுகிறார்.

சமரசமாக வந்த ஏற்பாடு அதைவிட வேடிக்கை. பல அணிகள் சேர்ந்து, தாங்கள் பாதுகாக்காத ஆட்டக்காரர்களை ஒரு பொதுத்தொகுப்பில் வைக்கும். இழந்த அணி அதிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியிலிருந்து டென்னிஸ் லாம்ப் டொராண்டோவுக்குப் போனார். அதற்கு ஈடாக 1984 ஜனவரியில் ஒயிட் சாக்ஸ் எடுத்தது நியூயார்க் மெட்ஸின் நட்சத்திரம் டாம் சீவரை! லாம்ப் போனதற்கும் மெட்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை எந்த வாயால் இழப்பீடு என்பது?

அப்புறம் ஆட்டக்காரருக்குப் பதில் டிராஃப்ட் தெரிவு மட்டும் கைமாறியது. 2008 குளிர்காலத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணி டெஷேரா, சபாத்தியா, பர்னெட் என்று மூன்று பெரிய ஆட்களை வாங்கியது. தரவரிசைச் சூத்திரத்தில் டெஷேரா மேலே இருந்ததால் யாங்கீஸின் முதல் சுற்றுத் தெரிவு, அவரை இழந்த ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனது. 2009-ல் அதை வைத்துத்தான் 25-வது ஆளாக, பின்னாளில் பெரும் நட்சத்திரமான மைக் ட்ரவுட் கிடைத்தார். 16.1 கோடி டாலர் ஒப்பந்தத்துக்குப் போன சபாத்தியாவை இழந்த மில்வாக்கிக்கு யாங்கீஸிடமிருந்து வந்தது இரண்டாம் சுற்று. பர்னெட்டை இழந்த டொராண்டோவுக்கு மூன்றாம் சுற்று. போனவரின் மதிப்புக்கும் வந்ததற்கும் தராசு நிற்கவே இல்லை.

தராசு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். காம்பன்சேஷனின் லத்தீன் வேரே சேர்த்து எடைபோடுதல். தமிழில் அதற்கு "ஈடு" இருக்கிறது. சுடு சூடானதுபோல, கெடு கேடானதுபோல, இடு ஈடானது. இட்லி ஈடும் அந்த இடுதான். "ஈடுகட்டு" என்றால் குற்றவாளி தேவையில்லை, குறையை நிரவினால் போதும். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் நடப்பது அதுவே. அங்கே சேர்த்துக்கொண்ட அணி எதையும் இழப்பதில்லை. வந்தவர், போனவர் கணக்குப் பார்த்து லீக்கே மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை கூடுதல் தெரிவுகளைத் தருகிறது. 2000-ல் 199-வதாக, பின்னாளில் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடி எடுக்கப்பட்டது அப்படி வந்த தெரிவில்தான். ஆக, "ஈட்டுத் தெரிவு".

எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. சேர்க்கும் அணியிடமிருந்து தெரிவைப் பிடுங்கினால் அடி விழுவது ஆட்டக்காரர் மேல். 2019-ல் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கைக்கல், கிம்ப்ரெல் இருவரும் ஜூன் டிராஃப்ட் முடிந்து, தெரிவுத் தண்டம் காலாவதியான பிறகுதான் அணி சேர்ந்தார்கள்.

"ஈட்டுத் தெரிவு" காதுக்குப் புதிது என்பவர்கள் "ஈட்டு டிராஃப்ட்" என்று எழுதட்டும், சண்டைக்கு வர மாட்டேன். டிராஃப்ட்டை டிராஃப்ட் என்றே வைத்தால் வாசகர் விசாரித்தாவது தெரிந்துகொள்வார். "வரைவு" என்று போட்டால், விசாரிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.