எரிபொருளைச் சுமக்கும் எரிபொருள்

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளிவருவதாகச் சொல்வது எப்படிச் சரியாகும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எரிபொருளின் எடையில் ஏறத்தாழ 86 சதவீதம் கார்பன். 12 கிராம் கார்பன் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகிறது. ஆகவே, கிலோவுக்கு 3.16 கிலோ என்பதே உலகெங்கும் கையாளப்படும் எண்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 மணிக்குச் சுமார் 2,500 கிலோ எரிக்கிறது என்று கொண்டால், மொத்தம் 10 டன் எரிபொருள், 31.6 டன் வாயு. 180 இருக்கைகளும் நிரம்பியிருந்தால் ஆளுக்குச் சுமார் 176 கிலோ. எரிபொருள் செலவைக் காண அன்றைய விலையால் பெருக்கினால் போதும்.

சுவையான இடம் இனிமேல்தான். சீராகப் பறக்கும் விமானத்தில், அதை மேலே தாங்கும் ஏற்றுவிசை எடைக்குச் சமம். காற்றின் இழுவை அந்த ஏற்றுவிசையில் பதினேழில் ஒரு பங்கு அளவில் இருக்கும். இயந்திரம் ஈடுசெய்ய வேண்டியது அந்த இழுவையைத்தான். எனவே எரியும் வேகம், அந்தக் கணத்தில் விமானம் என்ன எடை இருக்கிறதோ அதற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. 70 டன் விமானம் மணிக்கு 2,500 கிலோ எரித்தால், அதிலுள்ள ஒவ்வொரு டன்னும் மணிக்குச் சுமார் 36 கிலோ, அதாவது தன் எடையில் 3.6 சதவீதம், கேட்கிறது என்று பொருள், அந்த டன் பயணியாயினும் பெட்டியாயினும் எரிபொருளேயாயினும். எரிய எரிய எடை குறைகிறது, எடை குறையக் குறைய எரிவதும் குறைகிறது. கதிரியக்கச் சிதைவுக்குப் பள்ளியில் படித்த அதே அடுக்குக்குறிச் சார்புதான் இங்கும் வருகிறது. கூடுதலாக ஏற்றிய ஒரு டன்னில் சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் சுமார் 130 கிலோ தன்னைத் தானே சுமந்ததற்கே தீர்ந்துவிடும். பெரிய விமானத்துக்கு மணிக்கு 2.5 சதவீதம் என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும், 15 மணி நேரப் பயணத்தில் அந்த இழப்பு 30 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இருந்தும் விலை மலிவான ஊரில் தேவைக்கு மேல் நிரப்பிச் செல்வது லாபமாக அமைவதுண்டு. ஐரோப்பாவில் மட்டும் இவ்வழக்கத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் டன் வாயு கூடுவதாக, அங்கே வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் அமைப்பான யூரோகண்ட்ரோல் 2019இல் மதிப்பிட்டது. இந்தியாவிலும் இந்த எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அந்த வேறுபாட்டுக்காக வானில் வீணாவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பொதுவில் வைக்கும் ஆய்வுக்கு, பகட்டான திட்டங்களுக்குத் தருவதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே போதும் என்பது என் எண்ணம்.