மாதம் 16 மணி நேரம், வீட்டுக் கணக்கில்

வாரநாட்களில் நான் கணக்காளர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் இங்கிலாந்துப் போலீசில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அதாவது பகுதிநேரக் காவலர். ஒன்பது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். சம்பளம் கிடையாது, செலவுக் காசு மட்டும் தருவார்கள் என்றதும் முகம் மாறிவிடும். நானும் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டில் பேசிவிட்டீர்களா?

ஸ்பெஷல் என்றால் திருவிழாவில் கூட்டம் ஒதுக்குகிற தொண்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 1831-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வருகிற ஏற்பாடு இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உறுதிமொழி எடுத்த நாளிலிருந்து முழுநேரக் காவலருக்கு உள்ள அதே அதிகாரம் நமக்கும் உண்டு. அதே சீருடை, அதே ஒழுங்கு விதிகள், தவறினால் அதே விசாரணை. 2012-ல் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முழுநேர வேலைக்கே போய்விட்டவர்கள் அதில் நிறைய. ஆனால் என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் சீருடையைத் திருப்பிக் கொடுத்தவர்களிடம் பேசிப் பார்த்தால், பாதிக்கு மேல் வீட்டுக் கதைதான்.

பெரும்பாலான காவல் பிரிவுகள் எதிர்பார்ப்பது மாதம் குறைந்தது 16 மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் இரண்டு ஷிப்ட். நானும் அப்படித்தான் என் கணவரிடம் சொன்னேன். ‘மாசத்துல ரெண்டு நாள்தானே’ என்றார் அவரும்.

முதல் வருடத்தில் ஒரு சனிக்கிழமை. மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடிய வேண்டிய ஷிப்ட். 1.20-க்கு ஒரு மதுக்கடை வாசலில் அடிதடி. ஒருவரைக் கைது செய்தேன். நான் கைது செய்தால் அந்த ஆளும் என் பொறுப்பு, காகிதமும் என் பொறுப்பு. காவலறையில் பதிவு செய்ய எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள். வரிசை நகர்ந்து, என் வாக்குமூலத்தை எழுதி, உடம்பில் மாட்டிய கேமராப் பதிவை ஏற்றி, குற்றப் பதிவை முடித்து வெளியே வந்தபோது பொழுது விடிந்துவிட்டது. மகளுக்கு 9 மணிக்கு நீச்சல் வகுப்பு. கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தது நான். கார் ஓட்டுகிற நிலையில் இல்லை. கணவர் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்த மௌனத்துக்கு ஒரு சண்டையே போட்டிருக்கலாம்.

அதன்பிறகு கணக்கை மாற்றினேன். 8 மணி நேர ஷிப்டுக்கு வீட்டு நாட்காட்டியில் 14 மணி நேரம் ஒதுக்குகிறேன்: போக வர, தாமதம், அப்புறம் தூக்கம். மறுநாள் காலை எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. மறுநாள் வீட்டில் ஏதாவது இருந்தால், ஷிப்ட் தொடங்கும்போதே சார்ஜன்டிடம் சொல்லிவிடுவேன், கடைசி இரண்டு மணி நேரம் நான் இரண்டாவது ஆளாக இருக்கிறேன், கைதை ஜோடிக் காவலர் செய்யட்டும் என்று. எப்போதும் நடக்காது, கண் முன்னால் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது கடிகாரம் பார்க்க முடியாது. ஆனால் முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். முதல் வருடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன், ‘பொம்பளைக்கு வீட்டு ஞாபகம்’ என்று நினைத்துவிடுவார்களோ என்று. பக்கத்தில் நின்ற ஆண்கள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நீதிமன்றமும் இருக்கிறது. கைது செய்த இரவை நாம் மறந்த பிறகு, பல மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாட்சி சொல்ல வரச் சொல்வார்கள். சில நிறுவனங்கள் இந்தப் பணிக்கென்று சம்பளத்தோடு விடுப்பு தருகின்றன. உங்கள் நிறுவனம் தருமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் போவது உங்கள் ஆண்டு விடுப்பு, அதாவது பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வைத்திருந்த நாள்.

வீட்டாரிடம் கட்டாயம் பேச வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னணிச் சோதனை உங்களோடு நிற்காது. உடன் வசிப்பவர்களின் விவரங்களையும் பார்ப்பார்கள். உங்கள் கடன், நிதி நிலையையும் பார்ப்பார்கள். கணவருக்குத் தெரியாமல் படிவத்தில் அவர் பெயரை எழுதி, பிறகு வீட்டில் பெரிய பிரச்சினையான ஒரு கதை எனக்குத் தெரியும்.

சேர்ந்த பிறகு வருவது சொந்தக்காரர் பிரச்சினை. இதைப் பற்றி நம் ஆட்களிடம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘ஸ்பீடிங் நோட்டீஸ் வந்திருக்கு, கொஞ்சம் பாரேன்.’ ‘பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், பையன் மேல கேஸ் ஏதும் இருக்கா?’ இரண்டாவது கேள்வியை என் மாமியாரே கேட்டார். போலீஸ் கணினியில் வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு பெயரைத் தட்டினாலே குற்றம். யார், எப்போது, எதைத் தேடினார் என்பது பதிவாகிறது. வேலை போவதோடு முடியாது, வழக்கும் வரும். அப்படி வழக்கு வந்தால் பகல் வேலையும் தப்பாது. மாமியாரிடம் அதை அப்படியே சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. இப்போது வேறு யாராவது கேட்டால் அவரே முந்திக்கொண்டு, ‘அவளை ஜெயிலுக்கு அனுப்பாதீங்க’ என்கிறார்.

இதைவிடக் கடினமானது, கதவைத் தட்டினால் தெரிந்த முகம் திறப்பது. ஒரு முறை குடும்ப வன்முறை அழைப்பில் முகவரியைக் கேட்டதும் வயிறு கலங்கியது. கோயிலில் பார்த்துப் பழகிய வீடு. வண்டியிலேயே சொல்லிவிட்டேன், வேறு ஜோடி போனது. நமக்குத் தமிழ் தெரியும், அந்த அக்காவுக்கு உதவியாக இருக்கும் என்ற எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் ஊருக்கே தெரிந்தவளிடம் அவர் எதைச் சொல்வார்? மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய முடியும். இன்றுவரை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, என் கணவருக்கு எந்த வீடு என்றும் தெரியாது.

பிள்ளைகளோடு கடைக்குப் போகும்போது எதிரே ஏதாவது நடந்தால்? அதிகாரம் பையில் இருக்கிற அடையாள அட்டையோடு கூடவே வருகிறது. ஆனால் கவச உடை இல்லை, ரேடியோ இல்லை, கையில் ஆறு வயதுப் பையன். பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய், 999 அவசர எண்ணுக்கு அழைத்து, நல்ல சாட்சியாக நின்றால் போதும். கடைகளில் ‘அம்மா போலீஸ்’ என்று கத்தக்கூடாது என்பதுதான் பையனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் விதி. அவன் அதை நிறைய முறை மீறியிருக்கிறான்.

வழக்கு விவரங்களை வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் மனம் கனத்துப் போய் வந்திருக்கிறேன் என்பதை மறைக்கவும் முடியாது. ‘இன்றைக்கு மோசம்’ என்று மட்டும் சொல்வேன். கணவர் தேநீர் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். இது வேறு மௌனம்.

இந்த மாதம் மகளுக்குத் தேர்வு. ஒரு ஷிப்டுக்கு மேல் வர முடியாது என்று சார்ஜன்டுக்கு மின்னஞ்சல் போட்டேன். ‘சரி. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் நாட்காட்டியில் 14 மணி நேரத்தை மகள் தானே அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘கணக்கு’ என்று எழுதியிருக்கிறாள். அவள் பாடத்தையா என் வேலையையா சொல்கிறாள் என்று இன்னும் கேட்கவில்லை.