எல்லா மாஸ்டரையும் எல்லா சிஸ்டத்துக்கும் அனுப்ப வேண்டுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் டேனரிகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகள்) மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. நடுத்தரக் கம்பெனி ஒன்றில்கூட கணக்குக்கு டாலி, வாங்குவது முதல் உற்பத்தி வரை பார்க்கும் இ.ஆர்.பி. மென்பொருள் ஒன்று, சம்பளத்துக்குத் தனி பேக்கேஜ், கேட்டில் விரல்ரேகை மிஷின் என்று நாலைந்து சிஸ்டம் ஓடும். போதாததற்கு பையர் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் லேப்டாப்பில் ஒரு எக்செல். சப்ளையர், பையர், பொருள், தொழிலாளி என்ற மாஸ்டர் விவரங்கள், அதாவது எல்லாப் பதிவுக்கும் அடிப்படையான பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். குழப்பம் முற்றியதும், "எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைச்சு விட்டுடுங்க சார்" என்பார் முதலாளி.

இணைத்துவிடலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் ஒரு இடத்தில் தப்பாக அடித்தது அன்றைக்கே ஐந்து இடத்துக்கும் போய்ச் சேரும். அதனால் ஒரு மாஸ்டரை முழுசாகப் பகிர்வதா வேண்டாமா என்று நான் கேட்பதே இல்லை. அதற்குள் இருக்கும் எந்த விவரம் இரண்டு சிஸ்டத்துக்கும் வேண்டும், இரண்டிலும் ஒரே பொருளில்தான் புழங்குகிறதா, தப்பானால் பதில் சொல்லும் ஆள் யார் என்றுதான் பார்ப்பேன். மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பகிரலாம்.

சப்ளையர் மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கெமிக்கல் வியாபாரி இ.ஆர்.பி.யில் 'அண்ட் கோ', டாலியில் 'அண்ட் கம்பெனி'. ஒரே பில் இரண்டு பெயரிலும் ஏறி, இரண்டு முறை பணம் போய்விடும். பெயரை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணை வைத்து ஒப்பிட்டால் பாதி இரட்டைப் பதிவுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஆனால் இதையே சப்ளையர் கோடாக (அடையாளக் குறியீடாக) வைக்காதீர்கள். ஒரே பான் எண்ணில் வேறு மாநிலத்திலும் அவர் பதிவு வைத்திருக்கலாம். வீட்டில் வைத்து அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆட்கள் பலருக்கு ஜிஎஸ்டி பதிவே இருக்காது. கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு கோடு வேண்டும்.

சப்ளையர் குறு, சிறு நிறுவனமா என்ற விவரத்தைக் கட்டாயம் பகிருங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, இவர்களுக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்தபின், கெடு தாண்டி, நிதியாண்டும் முடிந்துவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. இது அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்? 90 நாள் கடன் பேசி ஆர்டர் போடுவது பர்ச்சேஸ் ஆள்தானே! இந்த வகைப்பாடும் நிலையானதல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியானது. ஆண்டுக்கொரு முறையாவது சரிபார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கு எண் இதற்கு நேர்மாறு. அது அக்கவுண்ட்ஸை விட்டு வெளியே போகவே கூடாது. 'எங்கள் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று வரும் போலி மெயிலை நம்பி யாரோ ஒரு சிஸ்டத்தில் மாற்ற, அது தானாகவே எல்லா இடத்துக்கும் பரவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைவலி அதிகம் பொருள் மாஸ்டரில்தான். பச்சைத் தோல் எண்ணிக்கையிலும் கிலோவிலும் வரும். பதனிட்டு முடித்தால் சதுர அடி. ஐரோப்பிய பையர் கேட்பதோ சதுர டெசிமீட்டர். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். அளவின் அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் இணைத்தால், 1,000 சதுர அடி வாங்கிய தோல் கட்டிங் சிஸ்டத்தில் 1,000 சதுர டெசிமீட்டராக, அதாவது 108 சதுர அடிக்கும் குறைவாக நிற்கும். அலகையும் மாற்று விகிதத்தையும் ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் அங்கிருந்து எடுப்பதுதான் சரி.

ஆனால் தரப்பிரிவைப் பகிராதீர்கள். டேனரி போடும் ஏ, பி, சி வேறு, கட்டிங் சூப்பர்வைசர் பிரிக்கும் ஏ, பி, சி வேறு. டேனரிக்காரர் மேற்பரப்பின் கீறலைப் பார்க்கிறார், சூப்பர்வைசர் ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும் என்று பார்க்கிறார். எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் ஒரே கட்டத்தில் சேர்த்துவிட்டு, அப்புறம் வருஷக் கணக்காக டேனரியும் ஷூ பிரிவும் சண்டை போடுகின்றன.

மாவட்டம், மாநிலம், எச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) போன்ற சின்னப் பட்டியல்களை யோசிக்காமல் பகிரலாம். இவை அபூர்வமாகத்தான் மாறும், மாறினால் எல்லோருக்கும் சேர்ந்தே மாறும். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இன்றும் பல கம்பெனிகளின் ஒரு சிஸ்டத்தில் ஆம்பூர் திருப்பத்தூரிலும் இன்னொன்றில் வேலூரிலும் இருக்கிறது. (பெரியவர் ஒருவர் இன்னும் வட ஆற்காடு என்றே எழுதுகிறார், அவரை விட்டுவிடுவோம்.)

தொழிலாளர் விவரத்தில் எண், பெயர், பிரிவு, வேலையில் இருக்கிறாரா என்ற நான்கு போதும். கேன்டீன் டோக்கன் மிஷினுக்கு ஆதார் எண் எதற்கு?

கடைசியாக, இணைக்கும் வேகத்தில் பழைய கோடுகளை அழித்துவிடாதீர்கள், புது ஆளுக்கு மறுபடி கொடுக்கவும் வேண்டாம். முடக்கி மட்டும் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இருக்கும் பில்கள் எல்லாம் பழைய கோடிலேயே கிடக்கும்.