தடைக்காலத்தில் ‘தேவை’ கூடுவதில்லை, பிள்ளைகளா

பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் விடைத்தாள்களில் மறுபடியும் அதே வரி: ‘மீன்பிடித் தடைக்காலத்தில் மீனுக்குத் தேவை அதிகரிப்பதால் விலை ஏறுகிறது.’ எழுதியிருப்பவர்கள் மண்டபம், பாம்பன், தொண்டிப் பிள்ளைகள். கரையில் ஏலம் பார்த்து வளர்ந்தவர்களே இப்படி எழுதினால் எரிச்சல் வராதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகும் வள்ளமும் கொண்டுவருவதுதான் மீன். மாறியது அளிப்பு, அதாவது விற்பனைக்கு வரும் பக்கம். சீலா மீன் மேல் ஜனங்களுக்குத் திடீரென்று ஆசை கூடிவிடவில்லை. ஒரு கிலோ வாங்க வந்தவர் விலையைக் கேட்டு அரைக் கிலோவோடு போகிறார், சிலர் முட்டை வாங்கிக்கொள்கிறார்கள். விலையையும் அளவையும் காட்டும் படத்தில் தேவைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடப்பக்கம் நகர்ந்தது அளிப்புக்கோடு.

‘எல்லாரும் மீனுக்கு அலையுறாங்களே சார்?’ என்பார்கள். பழைய விலைக்குக் கிடைக்காததால் அலைகிறார்கள், அவ்வளவுதான். தேவை என்பது எந்த விலைக்கு எவ்வளவு வாங்கத் தயார் என்ற முழு அட்டவணை. மீனின் விலை மாறினால் அதே அட்டவணையில் வேறு வரிக்குப் போகிறோம். வருமானம், ருசி, கோழிக்கறி விலை போன்றவை மாறினால்தான் அட்டவணையே மாறும்.

தேவை நிஜமாகவே குறைவதைப் பார்க்க வேண்டுமா? புரட்டாசியில் பாருங்கள். பல வீடுகளில் கவிச்சி கிடையாது. பழைய விலைக்கே வாங்க ஆள் குறைவு. (முஸ்லிம்கள் அதிகம் வாழும் கீழக்கரைத் தெருவில் இது அவ்வளவாகத் தெரியாது. கடற்கரை இல்லாத உள்நாட்டு ஊர்களுக்கு மீன் அனுப்பும் வியாபாரியைக் கேளுங்கள்.)

ஆகவே, விலையிலிருந்து விடையைத் தொடங்காதீர்கள். முதலில் மாறியது வாங்குகிறவர் பக்கமா, விற்கிறவர் பக்கமா? அதை முடிவுசெய்த பிறகு பேனாவை எடுங்கள். விலை செங்குத்து அச்சில்தான். காரணமாக இருப்பதைக் கிடை அச்சில் போடும் கணக்கு வாத்தியார் முகம் சுளிப்பார், பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்தே அப்படித்தான். கோடு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அம்புக்குறி போடாத படத்துக்கு மார்க் கேட்டு வரவேண்டாம். ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சரி, தடைக்காலத்திலேயே கோழி விலையும் ஏறினால்? கோழியை விட்டு மீனுக்கு வருகிறவர்களால் தேவைக்கோடும் வலப்பக்கம் போகும், அப்போது இரண்டு கோடும் நகரும். மீன் விலை ஏறுவது உறுதி. விற்கும் அளவு கூடுமா குறையுமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. இரண்டு விதமாகவும் வரைந்து திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்.