சவன்னாவை ‘புல்வெளி’ எண்டு எழுதாதேங்கோ

ஆபிரிக்க மிருகங்களைப் பற்றித் தமிழ்க் குரல் போட்டு வாற எந்த வீடியோவைப் பாத்தாலும் ‘பரந்த புல்வெளிகளில் வாழும் ஒட்டகச்சிவிங்கி’ எண்டுதான் தொடங்குது, இப்ப பிள்ளையளும் அதையே கட்டுரையில எழுதுதுகள். அது வாழுற நிலத்துக்குப் பேர் சவன்னா, அதைப் புல்வெளி எண்டுறது பிழையான சொல்.

சவன்னா ஸ்பானிஷ் வழியா வந்த சொல், அதுக்கு முதல் கரீபியன் தீவுகளில இருந்த தைனோ சனத்தின்ர பேச்சு. அவை மரமில்லாத வெட்டையைத்தான் அப்பிடிச் சொன்னவை, அதைப் பிடிச்சுக்கொண்டு ‘மூலமே புல்வெளிதானே’ எண்டு வாதாடுற ஆக்கள் இருக்கினம். மூலம் என்னவாவும் இருக்கட்டும், இண்டைக்கு சவன்னா எண்டா கீழ புல்லு, மேல ஐதா நிக்கிற மரங்கள், கொப்புகள் ஒண்டோட ஒண்டு முட்டாததால வெயில் நிலத்தில விழும், அதாலதான் அங்க புல்லே தழைக்குது. மரத்தை எடுத்திட்டா அது வட அமெரிக்காவின்ர பிரேரி, மத்திய ஆசியாவின்ர ஸ்டெப்பி மாதிரி வேற நிலம். புல்வெளி எண்ட பேர் அதுகளுக்குத்தான் பொருந்தும்.

ஒட்டகச்சிவிங்கியின்ர உடம்பைப் பாருங்கோவன். ஆண் 5 மீட்டருக்கு மேல வளரும், நாக்கு மட்டும் கிட்டத்தட்ட 45 சென்ரிமீட்டர், கழுத்தில எங்களுக்கு இருக்கிற அதே 7 எலும்புதான் ஆனா ஒவ்வொண்டும் அவ்வளவு நீட்டு. வேல மரத்து முள்ளுக்கு இடையால இலையை வளைச்சுப் பறிக்கத் தோதான உடம்பு அது, தண்ணி குடிக்கக் கூட முன்னங்கால் ரெண்டையும் அகட்டி வச்சுத்தான் குனியும். மரமில்லாத வெளியில அது என்னத்தைத் தின்னுறது?

‘வெப்பமண்டலப் புல்வெளி’ எண்டு நீட்டினா சரிவரும் எண்டு சிலர் நினைக்கினம். வெப்பத்தைச் சேத்தவை மரத்தை விட்டிட்டினம். ‘காடு’ எண்டு போடுறது அதைவிட மோசம், கொங்கோவின்ர அடர்ந்த மழைக்காட்டில இருக்கிறது ஒட்டகச்சிவிங்கியின்ர சொந்தக்காரன் ஒகாபி, அதுக்குக் கழுத்துக் கட்டை.

நிலாவெளி, குச்சவெளி எண்டு ஊர்ப்பேரிலயே வெளியை வச்சிருக்கிற எங்கட திருகோணமலைப் பிள்ளையளுக்கு வெளி எண்டா மறைப்பில்லாத இடம் எண்டு சொல்லித்தரத் தேவையில்லை. புல்வெளிக்கு முன்னால ஒரு மரத்தைச் சேத்து ‘மரப்புல்வெளி’ எண்டு எழுதினா விசயம் முடிஞ்சுது, நல்ல தமிழாவும் இருக்கு. அது பிடிக்காட்டி சவன்னா எண்டே விடலாம், பிழையான தமிழை விட அது எவ்வளவோ மேல். மொழிபெயர்க்கிறவை அகராதியில முதல் கிடக்கிற பொருளைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னம் ஒருக்காத் திரையைப் பாத்தாலே போதும், மரம் அதிலயே நிக்குது.