இரைச்சல் நின்றால் காது ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை

வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடும் மாஸ்டரிங்குக்கு அனுப்பிய பாடல்கள் திரும்பி வந்துவிட்டன. கூடவே ஒரு வரிக் கேள்வி: "சிம்பல் ஏன் இப்படிக் கீச்சிடுகிறது?" டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டுதான் சிம்பல். ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களிலும் அதே குறை. பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங்கைச் செய்தவர் அந்தக் குழுவின் பாடகர், கிட்டார் வாசிப்பவரும் அவரே. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் அவருக்கு எந்தக் கீச்சும் தெரியவில்லை. மாஸ்டரிங் செய்யும் பெரியவர் அடுத்த மின்னஞ்சலில் பாடல்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை, காதைக் காட்டச் சொல்லியிருந்தார். அப்படித்தான் போன மாதம் அந்த இளைஞர் லண்டனில் என் செவித்திறன் பரிசோதனை அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

வயது இருபத்தொன்பது. இனிய மெட்டை உரத்த கிட்டாரோடு வாசிக்கும், நான்கு பேர் கொண்ட பவர் பாப் குழு. பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை, பகுதி நேர வேலைகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்தான் முதல். ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் செங்கல் சுவர் கொண்ட வாடகை அறையில் மூன்று மாதம் ஒத்திகை. இரவில் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மிக்ஸிங். எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் அவருடைய இடது காதின் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்தது, 4,000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்ததுபோல 50 டெசிபலுக்கு இறங்கியது, 8,000 ஹெர்ட்ஸில் மறுபடி கொஞ்சம் ஏறியது. பேரொலியால் கெட்ட காதின் கையெழுத்து இது. இடது பக்கம் யார் நிற்பார்கள் என்று கேட்டேன். டிரம்ஸ் என்றார். சிம்பல் எங்கே இருக்கும் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கை சரியாகக் காது மட்டத்தில் நின்றது.

காதில் குறைந்துபோன கூர்மையான ஒலிகளை அவருடைய விரல்கள் மிக்ஸிங்கில் கூட்டிக்கொண்டே போயிருக்கின்றன. தன் காதின் பழுதை அவர் அறியாமலேயே ஆல்பம் முழுக்கப் பதிவு செய்துவிட்டார்.

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது. ஐந்து பேரும் ஆல்பம் முடிக்கும் அவசரத்தில் இருந்தவர்கள். ஐந்து பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஒத்திகை முடிந்தால் காதில் ரீங்காரம் கேட்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்."

சரியாகவில்லை. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை. இரைச்சல் அடங்குவது வேறு, காது ஆறுவது வேறு. 2009 இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுண்டெலிகளை 100 டெசிபல் ஒலியில் இரண்டே மணி நேரம் வைத்தார்கள். உடனே அவற்றின் செவித்திறன் குறைந்தது, இரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர் செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் உட்செவியைத் திறந்து பார்த்தபோது, கூர்மையான ஒலிகளுக்கான பகுதியில் மயிர் செல்லையும் செவி நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி அழிந்திருந்தது. அந்த எலிகளைச் சோதனைக்கு உட்படுத்தினால் "இயல்பு" என்றுதான் முடிவு வரும். உள்ளே பாதிக் கம்பிகள் அறுந்து கிடக்கின்றன.

எலிதானே என்று கேட்பார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் உட்செவியைத் திறந்து எண்ணிப் பார்க்க முடியாது, அதனால் மனிதர்களில் இந்த இழப்பு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆடியோகிராம் நன்றாக இருந்தும் நான்கு பேர் சேர்ந்து பேசும் மேசையில் ஒரு வார்த்தைகூடப் பிரியவில்லை என்று வரும் இசைக்கலைஞர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். காலையில் இரைச்சல் நின்றதைக் கண்டு நிம்மதி அடைந்தவர்கள்தான் அவர்கள். இன்னொன்று: பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர் செல்கள் கிடைக்கின்றன. கோழிக்கு அவை செத்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. கையிலிருப்பது அவ்வளவுதான்.

பவர் பாப் வாசிப்பவர்களிடம் கூடுதலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. "நாங்கள் ஹெவி மெட்டல் இல்லையே, எங்களுடையது இனிமையான மெட்டு, சேர்ந்து பாடும் குரல்கள்." உட்செவிக்கு இனிமை தெரியாது. வந்து சேரும் ஒலியின் அளவும் நேரமும்தான் அதற்குக் கணக்கு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். அந்தச் செங்கல் அறைக்கு நானே ஒலிமானியோடு போனேன். பாடகர் நிற்கும் இடத்தில் பல்லவி வந்தபோது 102 காட்டியது. ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதிக்கப்பட்டது ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அவர்கள் வாசித்தது நான்கு மணி நேரம்.

பவர் பாப் என்ற பெயரையே 1967 இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷென்ட். 1976 இல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் அந்தக் குழு நடத்திய கச்சேரி, உலகிலேயே மிகச் சத்தமானது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காது கெடுவதை ஊக்குவிக்கக்கூடாது என்று கின்னஸ் பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது. டவுன்ஷென்டுக்குக் காதிரைச்சலும் செவித்திறன் இழப்பும் பல ஆண்டுகளாக உண்டு, அதை அவர் வெளிப்படையாகப் பேசியும் வருகிறார். அவர் முதன்மையாகக் குற்றம் சாட்டுவது மேடையை அல்ல, ஸ்டுடியோவில் மாட்டிக்கொண்ட ஹெட்ஃபோனை. ஆல்பம் செய்துகொண்டிருக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். மேடையில் ஒரு மணி நேரத்தில் கச்சேரி முடிந்துவிடும். மிக்ஸிங் விடியும்வரை நடக்கும், களைத்த காது இன்னும் கொஞ்சம் கூட்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே: மிக்ஸிங் தொடங்கும்போது ஒலியளவை ஒருமுறை வைத்து, குமிழின் மேல் பட்டை ஒட்டிவிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அது போதாது என்று தோன்றினால், கூட்டாதீர்கள், படுக்கப் போங்கள். ஒத்திகை நாளன்று மிக்ஸிங் வேண்டவே வேண்டாம். கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசித்துவிட்டு, கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவதை நிறுத்துங்கள். சாய்த்துக் காதைப் பார்க்கத் திருப்புங்கள், பாதி ஒலியே போதும். சிம்பலின் மட்டத்தில் தலை இருக்கும்படி யாரும் நிற்கக்கூடாது.

பஞ்சை உருட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல. கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒலியைக் குறைக்கும், ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். வாசிப்பவர்கள் பத்தாவது நிமிடத்தில் அதைக் கழற்றி எறிவது அதனால்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்கள் 1988 முதலே இருக்கின்றன. 15 டெசிபல் குறைப்பதை மாட்டியிருந்தால், அந்தச் செங்கல் அறையின் 102 காதுக்குள் 87 ஆகியிருக்கும். ஒன்பது நிமிடம் ஐந்து மணி நேரமாகியிருக்கும். பிரிட்டனில் ஹெல்ப் மியூசிஷியன்ஸ் அறக்கட்டளையும் இசைக்கலைஞர் சங்கமும் சேர்ந்து 2016 முதல் குறைந்த செலவில் பரிசோதனையும் அளவெடுத்துச் செய்த அடைப்பான்களும் கிடைக்க வழி செய்திருக்கின்றன. கிட்டார் பெடலுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும்.

இங்கே பணியிட இரைச்சல் சட்டம் 2008 முதல் இசைத் துறைக்கும் பொருந்துகிறது. ராயல் ஆப்பரா ஹவுஸில் வயோலா வாசித்த ஒருவர், ஒத்திகையில் காது கெட்டதற்காக வழக்குத் தொடுத்து 2018 இல் வென்றார். ஆனால் அவருக்கு முதலாளி இருந்தார். சொந்தக் காசில் ஆல்பம் போடும் குழுவில் பொறுப்பேற்க யாருமில்லை. நீங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ மந்தமாகிவிட்டால் கச்சேரி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்துக்குப் பலன் அதிகம் இருப்பது சீக்கிரம் தொடங்கினால்தான். மூன்று வாரம் கழித்து வந்தவரிடம் கையை விரிக்கும் வேலை எனக்கு வேண்டாம்.

சென்ற புதன்கிழமை அந்தக் குழுவில் நால்வருக்கும் அடைப்பான் செய்யக் காது அச்சு எடுத்தேன். டிரம்ஸ் வாசிப்பவர் கடைசியாக வந்தார். அச்சுப் பசை இறுகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "அது என் சிம்பலாலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய ஆடியோகிராமைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அதிலும் 4,000 ஹெர்ட்ஸில் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. ஆல்பத்தை வேறொருவர் மறுபடி மிக்ஸ் செய்கிறார், வெளியீடு இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது.